அட்டை கேட்கும் மாப்பிள்ளையும் ‘நம்பு’ பொத்தானும்

எங்கள் மாப்பிள்ளை ஓர் ஆபீஸ் கேட்டில் காவலர். காவலர் என்றால் தொப்பி போட்டுக்கொண்டு கொட்டாவி விடுகிற காவலர் இல்லை. பெற்ற தாயே வந்தாலும் அட்டை கேட்கிற காவலர். அந்தப் புண்ணியவதி இவருக்கு வேலை கிடைக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்தக் கொடுப்பினை மாமியாரான எனக்குத்தான் வாய்த்தது.

கல்யாணமான புதிது. வீட்டுச் சாவி மாப்பிள்ளையிடம் மாட்டிக்கொண்டது. வாங்கிவரலாம் என்று ஆபீசுக்குப் போனேன். கேட்டில் அவரே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், தொப்பியைக் கழற்றினார், “வாங்க அத்தை” என்றார். வாங்க என்றாரே என்று ஒரு காலை உள்ளே வைத்தேன். கையை நீட்டி மறித்துவிட்டார்.

“அட்டை இருக்கா அத்தை?”

“என்ன அட்டை மாப்பிள்ளை? நான் உங்க மாமியார்.”

“அது எனக்குத் தெரியும். கேட்டுக்குத் தெரியாதே.”

“கேட்டுகிட்ட நீங்க சொல்லுங்களேன்.”

“நான் சொன்னா எப்படி அத்தை? நாளைக்கு இன்னொருத்தர் ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்து மாமியார்னு சொல்வார். அது நிஜ மாமியாரா இல்லையான்னு நான் எங்க போய் விசாரிக்கிறது?”

கடைசியில் என் பெருவிரலை மையில் தோய்த்து வருகைப் புத்தகத்தில் ஒற்றவைத்தார். ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘மாமியார் என்று சொல்கிறார்’ என எழுதி, அதை வாய்விட்டுப் படித்தும் காட்டினார். சாவியைக் கொடுக்கும்போது, “பத்திரமா போயிட்டு வாங்க அத்தை” என்று பாசமாகத்தான் சொன்னார். பாசத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு ஓர் அட்டை வேண்டும், அவ்வளவுதான்.

ஆபீசில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘அட்டை’ என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒட்டினால் லேசில் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர் எப்படிப் பார்த்தாலும் பொருந்தும். கேட்டருகே சுற்றும் ஒரு சாம்பல் பூனையைக்கூட அவர் உள்ளே விட்டதில்லை. ஒரு தடவை மேனேஜரையே திருப்பி அனுப்பியிருக்கிறார். அவருடைய அட்டையின் தேதி முதல்நாளோடு முடிந்திருந்தது. “சார், நேத்து வரைக்கும் நீங்க மேனேஜர். இன்னைக்கு யாருன்னு அட்டை சொல்லலையே” என்றாராம். மேனேஜர் மழையில் நனைந்துகொண்டே யாருக்கோ போன் போட்டு, புது அட்டை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று அவர் திட்டவில்லை. நல்ல காவல் என்று நாலு பேர் எதிரில் பாராட்டவும் செய்தார். நனைந்த ஆத்திரத்தை வேறு எங்கோ வைத்திருந்தார் போலிருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆபீஸ் கொடுத்த வெகுமதி, நிரந்தர ராத்திரி ஷிஃப்ட். என் மகளுக்குத் தையல் யூனிட்டில் பகல் வேலை. காலையில் அவர் வாசலில் ஷூவைக் கழற்றும்போது இவள் செருப்பை மாட்டுவாள். சாயங்காலம் இவள் கழற்றும்போது அவர் மாட்டுவார். இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு பேத்தி பிறந்ததே ஏதோ அரசு விடுமுறையின் தயவு என்று நான் சொன்னால், மகள் முறைப்பாள். ராத்திரி சாப்பாட்டின்போது மகள் தண்ணீர் ஜாடியில் போனைச் சாய்த்துவைத்து அதில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். அவர் கேட்டறையில் டப்பாவைத் திறந்துவைத்து இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். சாப்பாட்டு மேசையில் அவருடைய நாற்காலி காலி. இத்தனை வருஷமாக அதில் உட்கார்ந்திருந்தது மடிக்காத துணிமூட்டைதான். குடும்பம் நடத்துகிறார்கள் என்று ஊர் சொல்கிறது, நானும் சரி என்று கேட்டுக்கொள்கிறேன்.

படத்தோடு பேச நெட் வேண்டும். மாப்பிள்ளை நெட்டுக்குக் காசு கட்டுகிற ஜாதி இல்லை. வழியில் எங்கே இலவச வைஃபை கிடைக்கும் என்று அவருக்கு மோப்பத்திலேயே தெரியும். பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, என் கண்ணுக்கு மருந்து போடும் ஆஸ்பத்திரி ஹால், ஒன்றையும் விடமாட்டார். போகிற இடமெல்லாம் அவர் போனில் ஒரு பெட்டி எழும்பும். ‘இந்தச் சான்றிதழை நம்ப முடியவில்லை. இருந்தாலும் நம்பவா?’ என்று கேட்கும் என்று பேத்தி படித்துச் சொன்னாள். மாப்பிள்ளை அதைப் படித்ததில்லை. பெட்டி முழுசாக எழும்புவதற்குள் ‘நம்பு’ பொத்தானில் அவர் கட்டைவிரல் விழுந்திருக்கும். என் விரலை மையில் தோய்த்த அதே மனிதர்.

பேத்தி போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறாள். அந்தப் பெட்டி என்னவென்று நான் விடாமல் நச்சரித்ததில், அவள் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னாள்.

“நீ ஆபீசுக்குப் போனா அப்பா அட்டை கேட்கிறார் இல்ல பாட்டி? அதே மாதிரி ஒரு வைஃபைகிட்ட போனதும், நீ யாரு, அட்டையைக் காட்டுன்னு போன் கேட்கும். அந்த அட்டைதான் சான்றிதழ். யார் கொடுத்தது, தேதி முடிஞ்சிருச்சா, பேர் சரியான்னு பார்க்கும். எல்லாம் சரியா இருந்தா பேசாம சேர்ந்துக்கும். சந்தேகம்னாதான் இந்தப் பெட்டி.”

“அப்ப போனும் ஒரு வாட்ச்மேன்னு சொல்லு.”

“ஆமா. அப்பா அந்த வாட்ச்மேனைத் தள்ளிவிட்டுட்டு உள்ள போறார்.”

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு அது காதில் விழுந்துவிட்டது. “பேர் சரியாத்தானே இருக்கு? ஆஸ்பத்திரி பேர்தானே போட்டிருக்கு?”

“பேரை யார் வேணும்னாலும் வெச்சுக்கலாம்பா. என் போன்லயே நான் உங்க ஆபீஸ் பேர்ல ஒரு வைஃபை விடலாம்.”

“விட்டுப் பாரு. அட்டை கேட்பேன்.”

“அதைத்தான்பா போன் கேட்குது.”

“போன் கேட்கும். அதுக்கு வேற என்ன வேலை?” என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியைத் தேடப் போனார்.

அவர்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசு வரவில்லை. இந்தப் பழக்கத்தை அவருக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஊட்டியவர் அவர் ஆபீசின் கம்ப்யூட்டர் ஆபீசர். அங்கே வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு வைஃபை உண்டு. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத்தான் சேர வேண்டும். ஆபீசின் மற்ற மிஷின்களுக்கும் அதே கடவுச்சொல்தான். அதன் சான்றிதழுக்கு வருஷா வருஷம் தேதி முடியும், வருஷா வருஷம் ஆபீசர் மறந்துபோவார். எல்லார் போனிலும் பெட்டி எழும்பும். எல்லாரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். டீ ஆறிப்போகும். போன வருஷம் அவர் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார். ‘பெட்டி வந்தால் நம்பு என்பதை அழுத்தவும்’ என்று ஒரு தாளில் அச்சடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். “கேட்டுலயே ஒட்டிடுங்க. ஒருத்தரும் எனக்குப் போன் பண்ணக் கூடாது.”

ஒட்டு என்றால் ஒட்டிவிட்டு நகர்கிறவரா எங்கள் ஆள்? அன்று ஷிஃப்ட் முடிந்தும் நகராமல், காலையில் வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, தன் கண்ணெதிரே அழுத்தவைத்துத்தான் உள்ளே விட்டார். அப்புறம் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசை டிராயரில் பத்திரப்படுத்தினார்.

இந்த வருஷம் பகல் ஷிஃப்டின் தலைமைக் காவலர் ஓய்வு பெறுவதாகப் பேச்சு வந்தது. அந்த இடத்துக்கு மாப்பிள்ளை பெயரும், இன்னொரு காவலர் பெயரும் அடிபட்டன. அந்த இன்னொருவர் யாரையும் எதுவும் கேட்காமல் எல்லாருக்கும் சல்யூட் அடிக்கிறவர். வீட்டில் பேச்சே மாறிப்போனது. நாற்காலியின் ஆடுகிற காலுக்கு மகள் ஆணி அடித்தாள். துணிமூட்டையை மட்டும் எடுக்கவில்லை. “ஆர்டர் கைக்கு வரட்டும்மா, அதுக்குள்ள எடுத்தா கண்ணு பட்டுடும்” என்றாள். ஆசைப்படுகிறோம் என்று வெளியே தெரிந்தால்கூட வெட்கம் அவளுக்கு. ராத்திரி ஒருவேளை புருஷனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. இதற்கா வெட்கம் என்று நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளை தன் பங்குக்கு மேனேஜர் கண்ணில் படுவதென்று முடிவு செய்தார். ஷிஃப்ட் முடிந்தபிறகும் கேட்டிலேயே நின்று, ஆட்கள் வரும் காலை நெரிசலைத் தானே பார்த்துக்கொண்டார். வீடு திரும்ப வெகுநேரம் ஆனது. ஒருநாள் காலையிலேயே, வெறும் வயிற்றோடு விறைப்பாக நிற்பாரே என்று டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

“அட்டை இருக்கா அத்தை?”

பேத்தி வாங்கிக் கொடுத்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “போட்டோவுல கண்ணாடி இல்லையே” என்றார்.

“இப்ப கழட்டட்டுமா?”

“வேண்டாம், உட்காருங்க” என்று பெரிய மனசு பண்ணினார்.

காத்திருப்போர் பெஞ்சில் ஏற்கனவே ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கம்ப்யூட்டர், காலடியில் கறுப்புப் பை. மேனேஜரைப் பார்க்க வந்தவளாம். மாப்பிள்ளை அவளையும் சும்மா விடவில்லை. அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டு, பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பா மூடியைக்கூடத் திறந்து மோந்து பார்த்திருக்கிறார். பைக்குள் கொம்பு முளைத்த மாதிரி ஒரு சின்னப் பெட்டி இருந்தது. “இது என்ன?” என்றதற்கு “வைஃபை பெட்டி சார்” என்று அவள் உள்ளதை உள்ளபடி சொல்ல, “கத்தி கித்தி இல்லையே” என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் போனைப் பார்த்துவிட்டு, “அட்டை சார், ஆபீஸ் வைஃபை ஏதோ பெட்டி காட்டுதே” என்றார். மாப்பிள்ளை தன் போனைப் பார்த்தார். அதிலும் பெட்டி. அவர் முகத்தில் வந்த தெளிவை நான் பார்த்தேன். இந்த மாதிரி நாளுக்காகத்தான் காத்திருந்தேன் என்கிற மாதிரி டிராயரைத் திறந்தார், போன வருஷத்துத் தாளை எடுத்தார், ஒட்டினார். முதல்நாள் முடிந்த அட்டைக்காக மேனேஜரை மழையில் நிறுத்தியவர், தாளில் என்ன வருஷம் போட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. முதல் ஆளாகத் தன் போனில் அழுத்திக் காட்டினார்.

“எல்லாரும் நம்பு போடுங்க. போட்டுட்டு எங்கிட்ட காட்டிட்டு உள்ள போங்க.”

“அப்புறமா போட்டுக்கிறேனே, கையில பை இருக்கு.”

“பையை நான் பிடிக்கிறேன், போடுங்க.”

ஒரு கணக்குப் பிரிவு அம்மா முரண்டு பிடித்தார். “நம்பாதேன்னு அதுலயே எழுதியிருக்கே சார்.”

“அது போன் சொல்றது. நான் சொல்றேன், நம்புங்க. இல்லன்னா உள்ள விடமாட்டேன்.”

அந்த அம்மாவும் நம்பினார். மேனேஜர் காரை விட்டு இறங்கினார். மாப்பிள்ளை விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, “சார், நம்பு” என்றார். மேனேஜருக்கு மழை ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுபேச்சு பேசாமல் அழுத்திக் காட்டிவிட்டுப் போனார்.

பெஞ்சில் இருந்த பெண் என் காதருகே வந்து, “பாட்டி, இவர் தினமும் இப்படித்தானா?” என்றாள்.

“இப்படித்தான். எங்க மாப்பிள்ளை. ஒரு ஈ உள்ள போக முடியாது. பகல் ஷிஃப்ட் பெரியவராப் போடப் போறாங்க” என்று நான் நீட்டி முழக்கினேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நல்ல பெண். அந்தப் பார்வையில் இருந்தது பரிதாபம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. டிபனில் கொஞ்சம் சாப்பிடுகிறாயா என்றுகூடக் கேட்டேன்.

கடைசி ஆளும் உள்ளே போனபிறகு, கேட்டறையில் பார்வையாளர் சீட்டு அச்சடிக்கிற மிஷின் தானாகக் கரகரவென்று ஒரு சீட்டைத் துப்பியது. மாப்பிள்ளை அதை எடுத்து வழக்கம்போல உரக்கப் படித்தார்.

“வருகிறவர், சாம்பல் பூனை. பார்க்க வேண்டியவர், மேனேஜர். காரணம், பால். அனுமதித்தவர்…” அதற்குமேல் அவர் படிக்கவில்லை. அதில் இருந்தது அவர் பெயர்.

“யார் இந்த விளையாட்டு விளையாடறது? என் கடவுச்சொல் போடாம இந்தச் சீட்டே வராதே.”

பெஞ்சுப் பெண் எழுந்தாள். “சார், அந்தக் கடவுச்சொல் எங்கிட்ட இருக்கு. எல்லாருடையதும் இருக்கு. மேனேஜரைக் கூப்பிடுங்க. நான் வந்த வேலை முடிஞ்சது.”

விஷயம் இதுதான். ஆபீசின் வைஃபைக்குள் திருடன் நுழைய முடியுமா என்று சோதித்துப் பார்க்க மேலிடம் அனுப்பிய ஆள் அவள். அவள் பைக்குள் இருந்த பெட்டி ஆபீஸ் வைஃபையின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு, பொய் அட்டையோடு எல்லார் போனையும் கூப்பிட்டிருக்கிறது. போன்கள் எல்லாம் ஒழுங்காகச் சந்தேகப்பட்டிருக்கின்றன. எங்கள் மாப்பிள்ளை நின்று சந்தேகத்தைத் தீர்த்துவைத்திருக்கிறார். ‘நம்பு’ என்று அழுத்திய கையோடு பெயரும் கடவுச்சொல்லும் அவள் மடிக்குப் போய்விட்டன.

மேனேஜர் வந்தார், பின்னாலேயே கம்ப்யூட்டர் ஆபீசரும் வந்தார். பூனைச் சீட்டை மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

“நான் நாலஞ்சு பேர் மாட்டுவாங்கன்னு நினைச்சேன் சார்” என்றாள் அந்தப் பெண். “இங்க ஒருத்தர்கூடத் தப்பிக்கல. தப்பிக்க இவர் விடல.”

மேனேஜர் மாப்பிள்ளையைப் பார்த்தார். “உங்களை யார் இதைச் செய்யச் சொன்னது?”

மாப்பிள்ளை சுவரில் இருந்த தாளைக் காட்டினார். ஆபீசர் அவசரமாகத் தொண்டையைக் கனைத்தார். “சார், அது போன வருஷத்துக்குச் சொன்னது.”

“இந்த வருஷச் சான்றிதழ் எப்ப முடியுது?”

“அடுத்த வாரம் சார்.”

“முடிஞ்சா என்ன செய்யறதா இருந்தீங்க?”

ஆபீசர் கூரையைப் பார்த்தார். “நம்பு போடச் சொல்லலாம்னுதான் சார் இருந்தேன்.”

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போயிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதவி கை நழுவிவிட்டதென்று எனக்கே தெரிந்தது. என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது அந்தத் துணிமூட்டைதான். பேசாமல் இருந்திருக்கலாம், என்னால் முடியவில்லை.

“ஏன் தம்பி, நீங்களும்தானே அழுத்தினீங்க?” என்றேன் மேனேஜரிடம். “நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

“அத்தை, நீங்க சும்மா இருங்க” என்றார் மாப்பிள்ளை.

மேனேஜர் என்னைப் பார்த்துவிட்டுப் பூனைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இந்த ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பினால், அழுத்திய தன்னையும் அதே வழியில் அனுப்ப வேண்டிவரும் என்று அவருக்குப் புரிந்திருக்கும். படித்தவர் இல்லையா.

தீர்ப்பு அந்த வாரமே வந்தது. ஆபீசரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு சான்றிதழோடு திரும்பி வந்தவர் அதற்குச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார். அதற்குத் தேதி முடியாதாம். தலைமைக் காவலர் பதவி அந்தச் சல்யூட் ஆளுக்குப் போனது. அன்றைக்கு அவர் பல்வலி என்று லீவு. ஆபீஸ் முழுக்க ‘நம்பு’ அழுத்தாத ஒரே ஆள் அவர்தான் என்று அந்தப் பெண் எழுதிய அறிக்கையில் அவர் பெயர் மட்டும் பளபளவென்று இருந்ததாம். பல்வலிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஆர்டர் வாங்க ஆபீசுக்குப் போயிருந்த மாப்பிள்ளை சாயங்காலம் நேராக வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மகள் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க ஆச்சு?”

“பதவி போச்சு.”

“போகட்டும். வேலை?”

“வேலை இருக்கு. தண்டனை கொடுத்திருக்காங்க.”

“என்ன தண்டனை?”

“ராத்திரி தனியா விட்டா யாரை நம்பி உள்ள விடுவேனோன்னு மேனேஜருக்குப் பயமாம். இனிமே தன் கண்ணு முன்னாடியே நிக்கணுமாம். பகல் ஷிஃப்ட்ல போட்டுட்டாங்க.” சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. மானஸ்தர்.

மகள் உள்ளே போனாள். நாற்காலியிலிருந்த துணியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய் என் கட்டிலில் கொட்டினாள். என் கட்டிலில் ஏன் கொட்டினாள் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் பொறுத்துக்கொள்ளலாம்.

அன்று ராத்திரி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மகள் பழக்க தோஷத்தில் போனை எடுத்துத் தண்ணீர் ஜாடியில் சாய்த்தாள்.

“நான் இங்கதான் இருக்கேன்” என்றார் அவர்.

“தெரியுது” என்று சொல்லிவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மேசைமேல் அவருடைய போன் வெளிச்சம் அடித்தது. எதிர் வரிசையில் புதிதாகத் திறந்த கடையின் இலவச வைஃபை. பெட்டி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அது முழுசாக எழும்பும் முன்பே அவர் இடதுகைக் கட்டைவிரல் எழும்பிவிட்டது.

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“அட்டை இருக்கா?”

அவர் விரலை மடக்கிக்கொண்டார்.